ஏழு பல்

ஜூன் 12, புதன்

கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதுகிறேன். முன்னாலிருந்து கணக்கு வரும், பின்னாலிருந்து இது. அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் செல்போன் வெளிச்சம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொன்னதை எழுதி வைப்பது சொன்னதில் சேருமா என்று தெரியவில்லை. சேரும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் மாதம், தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் நடந்தது அது. அதன் பிறகு இரண்டு மாதம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது என்பதால் எல்லாப் படகும் ஜெட்டியில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. எங்கள் அப்பா ஓட்டுவது ‘சந்தன மாதா’. படகின் முதலாளி கஸ்பார் சம்மாட்டி. அப்பா டிரைவர்தான். நான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோயிருந்தேன். அப்பா இஞ்சினை நிறுத்தினார். நிறுத்திய அந்த நொடியே பக்கத்துப் படகுக்காரர் கத்தினார்.

“லீனுஸு, கொஞ்சம் முன்னால எடுப்பா, நாங்க வெளிய வரணும்லா!”

அப்பா சாவியைத் திருகினார். அவர்கள் இஞ்சின் போட்ட இரைச்சலில் எங்கள் இஞ்சின் இன்னும் முழுதாக நிற்கவில்லை என்பது அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் காலில் தெரிந்தது. பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. இஞ்சின் நிற்கப்போகிற நேரத்தில் ஒரு தடவை பின்பக்கமாக ஆடும். சரியாக அந்த ஆட்டத்தில் ஸ்டார்ட்டர் போய்க் கடித்தது. கடாயில் கல்லைப் போட்டு ஆட்டியதுபோல் ஒரு சத்தம்.

அன்றைக்கு வெயில் அதிகம். வெயிலில் அப்பாவுக்குத் தலை சுற்றும். ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு நான் டார்ச் பிடித்தேன். இஞ்சினின் பின்னால் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் இருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றி நூற்றுக்கும் மேல் பல். ஒரே இடத்தில் வரிசையாக ஏழு பல் உடைந்திருந்தது. என்னை எண்ணச் சொன்னார். நான் இரண்டு தடவை எண்ணினேன்.

“சம்மாட்டிக்குத் தெரிஞ்சா எங்கிட்டருந்து படக வாங்கிருவாரு. பெறகு எவனும் எனக்குப் படகு தரமாட்டான். கேட்டியா?”

“கேட்டேன்.”

“அம்மாட்டயும் சொல்லக்கூடாது.”

அப்பா அடிக்கிறவர் இல்லை. அன்றைக்கு ஒரு தடவைதான். அதுவும் டார்ச்சைக் கீழே போட்டதற்காக.

ஜூன் 14, வெள்ளி

நாளைக் காலை தடை முடிகிறது. சாயங்காலம் அப்பாவும் நானும் படகுக்குப் போய் இஞ்சினைத் திருப்பி வைத்துவிட்டு வந்தோம். தடைக்காலத்திலும் மூன்று தடவை செய்திருக்கிறோம், மெக்கானிக் வந்து இஞ்சினை ஓட்டிப் பார்க்கிற நாள்களுக்கு முந்தைய சாயங்காலம்.

நேற்று அறிவியல் டீச்சர் இரும்பு ஆணியில் கம்பியைச் சுற்றி, பேட்டரி கொடுத்து, குண்டூசிகளைத் தூக்கிக் காட்டினார். இது எதில் பயன்படுகிறது என்று கேட்டார். காலிங்பெல் என்றாள் ஒருத்தி. எனக்குப் பதில் தெரியும். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று கையைத் தூக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டு லிட்டர் பாட்டில் அளவில் இருக்கும். அதன் முதுகில் சின்னதாக இன்னொரு உருளை. அதற்குள்தான் சுற்றிய கம்பி. சாவியைத் திருகினால் கொஞ்சம் கரண்ட் அந்தக் கம்பிக்குப் போகும். கம்பி காந்தமாகி உள்ளே இருக்கிற இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு ஒரு நெம்புகோலை இழுக்க, நெம்புகோல் சின்னப் பல்சக்கரம் ஒன்றை முன்னால் தள்ளும். அது போய்ப் பெரிய சக்கரத்தின் பல்லுக்குள் உட்கார்ந்த பிறகுதான், அதே தண்டு தடித்த இரண்டு செம்பு முனைகளைச் சேர்த்துவைக்கும். அப்போது பேட்டரியின் முழு பலமும் வந்து மோட்டார் சுற்றும். சின்னது பெரியதைச் சுற்றிவிடும். இஞ்சின் பிடித்துக்கொண்டதும் சின்னது விலகிக்கொள்ளும். எல்லாம் ஒன்றிரண்டு நொடி வேலை.

பல் இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்தால் சின்னது சும்மா சுற்றிக் கத்தும். பெரியது அசையாது.

எங்களுடையது ஆறு சிலிண்டர் இஞ்சின். அது நினைத்த இடத்தில் நிற்காது. மூன்றே இடத்தில் ஏதாவது ஒன்றில்தான் வந்து நிற்கும். அதில் ஒரு இடம் உடைந்த ஏழு பல் இருக்கிற இடம். அதனால் அப்பா இஞ்சினின் முன்பக்கத்துக் கப்பியில் இருக்கும் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, அதில் நீளக் குழாய் சொருகி, ஒரு சாண் தூரம் திருப்புவார். நான் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, நல்ல பல் வந்துவிட்டதா என்று டார்ச் அடித்துச் சொல்வேன். இதைக் கூலியாட்களைக் கூப்பிட்டுச் செய்ய முடியாது. அதனால் நான்.

நாளை கடலுக்குள் போனால் அப்பா இஞ்சினை நிறுத்தவே மாட்டாராம். வலையை விட்டுவிட்டு மற்ற படகெல்லாம் இஞ்சினை அணைத்துத் தூங்கும்போது எங்கள் படகு மட்டும் உறுமிக்கொண்டே கிடக்கும். யாராவது கேட்டால் பேட்டரி சரியில்லை என்று சொல்லப்போகிறாராம்.

திரும்பி வரும்போது தெரு விளக்கில் பார்த்தேன். அப்பாவின் கண் மஞ்சளாக இருக்கிறது.

ஜூன் 15, சனி

போய்விட்டார்கள். முதல் சாவியிலேயே பிடித்தது. கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

வீட்டில் நான் மட்டும். ஒரு பாத்திரம்தான் கழுவ இருந்தது.

ஜூன் 19, புதன்

அப்பாவை ரோச் மாமாவும் இன்னொருவரும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். ரோச் மாமா அப்பாவுக்கு அடுத்தபடி படகில் மூத்தவர். அவர் மகள் ரினிட்டா என் பெஞ்சில் பக்கத்தில் இருக்கிறவள். எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி.

“மஞ்சக்காமால முத்திட்டு பிள்ள. நாலு நாளா ஒண்ணும் திங்கல. தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டுத்தான் வாறோம். உப்பு, எண்ண கூடாதுன்னாவ. வேற எதுவுங்கூடாதுன்னும் சொல்லிருக்காவ, என்ன லீனுஸு?” என்றார் மாமா.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சரியில்லாததால் வந்திருக்கும். ஊரில் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

கஸ்பார் சம்மாட்டி வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“ஒரு மாசம் கெட. படகு சும்மா நிக்கக்கூடாதுல்லா, கிளமென்ட்ட ஏத்தி விடுதேன். திங்கக்கிழம போவட்டும்.”

கிளமென்ட் அண்ணனுக்கு இருபத்தாறு வயது. நன்றாக ஓட்டுவார் என்கிறார்கள்.

“கிளமென்ட்டா?” என்றார் அப்பா.

“ஏன், இஞ்சின்ல எதும் சொல்ல வேண்டியது இருக்கா அவன்ட்ட?”

நான் அடுப்படி வாசலில் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல. பேட்டரிதான் கொஞ்சம் வீக்கு. நிப்பாட்டாம ஓட்டச் சொல்லுங்க.”

“டீசல் என்ன தண்ணியா? புது பேட்டரியே மாட்டி விடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புது பேட்டரி மாட்டினால் கிளமென்ட் அண்ணன் தைரியமாக இஞ்சினை நிறுத்துவார். இதை அப்பாவிடம் சொன்னேன். “மூணுல ரெண்டு வாட்டி பிடிக்கும்” என்றார். மூன்றாவது வாட்டி என்று ஆரம்பித்தேன். “போய்ப் படி” என்றார்.

ஜூன் 23, ஞாயிறு

அம்மா போன் பண்ணினாள். கொச்சிக்குப் பக்கத்தில் இறால் உரிக்கிற கம்பெனியில் இருக்கிறாள். போய் ஒரு வருடம் இரண்டு மாதம். பின்னால் மற்றப் பெண்கள் சிரிப்பது கேட்கும்.

“சாப்பிட்டியா? பள்ளிக்கூடத்துக்குப் போறியா? ராத்திரி கதவ அடைச்சுக்கிடுதியா?”

“ம்.”

“எல்லாம் நல்லாருக்குல்லா?”

“நல்லாருக்கும்மா.”

அப்பாவைப் பற்றி அம்மா கேட்க மாட்டாள். அவருக்கு உடம்பு சரியில்லை என்று நானாகத்தான் சொன்னேன். அப்புறம் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடு என்றாள்.

சாயங்காலம் எல்லாரும் கோவிலில் இருக்கிற நேரம் பார்த்து அப்பா என்னைப் படகுக்கு அனுப்பினார். தனியாக. குழாயில் தொங்கியும்கூட இஞ்சின் நகரவில்லை. குழாயில் காலை ஊன்றி, முதுகை மரத்தில் முட்டுக்கொடுத்துத் தள்ளினேன். ‘ஸ்ஸ்’ என்று காற்று விட்டு மெல்ல நகர்ந்தது. பின்னால் ஓடிப் படுத்துப் பார்ப்பது, முன்னால் ஓடிவந்து தள்ளுவது. நாலு தடவையில் நல்ல பல் வந்தது.

மேலே ஏறினால் ரோச் மாமா நிற்கிறார், ஐஸ் பெட்டியைப் பார்க்க வந்தவர்.

“இங்க என்னட்டி செய்த? கையெல்லாம் கிரீஸு!”

“அப்பா துண்ட விட்டுட்டாவளாம்.”

“துண்டு எங்க?”

“காணும் மாமா.”

மாமா சிரித்தார். “ஒங்கப்பன் துண்ட மட்டுமா தொலச்சான்? போ, இருட்டுமுன்ன வீட்டுக்குப் போ.” பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார், ரினிட்டாவுக்கு வாங்கியதாக இருக்கும்.

அப்போது சொல்லியிருக்கலாம். மிட்டாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பாவிடம் மாமாவைப் பார்த்ததை மட்டும் சொன்னேன்.

ஜூன் 24, திங்கள்

விடியற்காலையில் ஜெட்டிக்குப் போய்ப் பார்த்தேன். முதல் சாவியில் பிடித்தது. “பூ மாதிரி பிடிக்கி! இதப்போயி வீக்குன்னாரே லீனுசண்ணன்!” என்று கிளமென்ட் அண்ணன் மேலிருந்து கத்தினார். ரோச் மாமாவோடு சேர்த்து ஐந்து பேர் போனார்கள்.

ஜூன் 25, செவ்வாய்

காற்று.

ஜூன் 26, புதன்

காற்று இன்னும் கூடியிருக்கிறது. மேற்கிலிருந்து அடிக்கிறது. இதைக் கச்சான் என்பார்கள். கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஒவ்வொரு தடவையும் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருக்கிறது. அப்பா விழித்துக்கொண்டுதான் கிடக்கிறார். நான் விழித்திருப்பதும் அவருக்குத் தெரியும்.

ஜூன் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணி இருக்கும். ரினிட்டாவைக் கூட்டிப்போக அவள் சித்தப்பா வகுப்பு வாசலுக்கு வந்தார். “படகு நின்னுபோச்சாம்” என்று டீச்சரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நானும் பையை எடுத்துக்கொண்டு கேட்காமலேயே பின்னால் ஓடினேன்.

சம்மாட்டி வீட்டு முன்னறையில் வயர்லெஸ் இருக்கிறது. மாடியில் உயரமாகக் கம்பி நட்டிருக்கிறார்கள். அப்படியும் ‘சந்தன மாதா’வின் குரல் நேராக எட்டவில்லை. நடுவில் நின்ற வேறு ஒரு படகுக்காரர் அங்கே கேட்டு இங்கே சொல்லிக்கொண்டிருந்தார். அறை நிறையப் பெண்கள். ரோச் மாமாவின் மனைவி மெற்றில்டா மாமி தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்திருந்தாள்.

“பேட்டரி எறங்கிருக்கும்னு சொல்லு” என்றார் சம்மாட்டி மைக்கில்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்காம். மோட்டாரு சுத்துதாம், கத்துதாம். இஞ்சின் அசையலயாம். காலையிலருந்து அடிச்சுப் பாக்காவளாம். இனி அடிச்சா மோட்டாரே கருகிரும்னு கிளமென்ட் சொல்லுதான்.”

“எல்லைக்கு எவ்வளவு?”

“காலையில எட்டு மணிக்கு ஏழு மைலு. இப்ப நாலு. கச்சான் கொண்டுபோவுது. கெழக்காமதான் தள்ளுது.”

எல்லையைத் தாண்டி இலங்கைப் பக்கம் போய்விட்டால் படகு போய்விடும், ஆட்களைச் சிறையில் போட்டுவிடுவார்கள். போன வருடம் இந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில் ஐந்து மாதம் அடுப்பு சரியாக எரியவில்லை. கட்டி இழுக்கிற அளவு கயிறும் பலமும் உள்ள படகு வந்து சேர நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு மைல் என்று நான் மனதில் போட்டுப் பார்த்தேன். நாலுக்கு நாலு. வித்தியாசம் பூஜ்யம்.

நான் வீட்டுக்கு ஓடினேன்.

“அப்பா, நின்னுட்டு.”

அப்பா எழுந்து உட்கார்ந்தார். “எந்த எடத்துல?”

“எல்லைக்கு நாலு மைலுங்காவ. மோட்டார் மட்டும் சுத்துதாம்.”

அவர் முகம் முழுக்க மஞ்சள். உதட்டை நக்கினார். “வேற படகு போயி இழுத்துரும்.”

“நேரம் இல்லப்பா. நீங்க வாங்க, இல்லன்னா நான் சொல்லுதேன்.”

“பவுலின்.” அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகிறது. “வாய தொறக்காத. தொறந்தா நான் இந்த ஊருல நடக்க முடியாது. இங்கயே இரு.”

நான் ஒரு நிமிடம் அங்கேயே இருந்தேன். ஒரு நிமிடத்துக்குக் கூடுதலாகவே இருக்கும். ரோச் மாமா மிட்டாய் கொடுத்த கை ஞாபகம் வந்தது. அப்புறம் கால் தானாக ஓடியது.

சம்மாட்டியிடம் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. “திருப்பி வச்சா பிடிக்கும், திருப்பி வச்சா பிடிக்கும்” என்று இதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். அவர் மைக்கை என் வாயருகே வைத்தார். பேசும்போது பொத்தானை அழுத்த வேண்டும், பேசி முடித்தால் விட வேண்டும். நான் பயத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவர் என் விரலைப் பிடித்து எடுத்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். நான் சொன்ன ஒவ்வொரு வரியையும் நடுவிலிருந்த அந்த ஆள் தன் கனத்த குரலில் கடலுக்குத் திருப்பிச் சொன்னார். அந்தப் பக்கம் நின்ற எல்லாப் படகும் அதைக் கேட்டிருக்கும்.

“முன்பக்கம் கப்பியில பெரிய போல்ட்டு இருக்கு. அதுல ஸ்பேனர் போட்டு, குழாய் மாட்டித் திருப்பணும்.”

“முன்பக்கம் கப்பியில பெரிய போல்ட்டாம்...”

“கியர நடுவுல வைக்கணும். சாவிய யாரும் தொடக்கூடாது.”

“எவ்வளவு திருப்பணும்னு கேக்கான்.”

“கப்பியில ஒரு செவப்புக் கோடு இருக்கும். அது இப்ப கீழ இருக்கும். மேல பம்புப் பக்கம் வரணும்.”

“செவப்புக் கோடா? பெயின்ட்டான்னு கேக்கான்.”

“நெகப் பாலிஷ்” என்றேன்.

“நெகப் பாலிஷாம்ல!” என்று நடுவிலிருந்தவர் கடலுக்குச் சொன்னது கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாக முன்னும் பின்னும் ஓட முடியாமல் நான் வைத்த கோடு அது. அப்பாவுக்கும் தெரியாது.

அப்புறம் அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது. “ரோச்சு கேக்காரு. இது எப்டித் தெரியும் பிள்ளைக்கு, யாரு வச்ச கோடுன்னு கேக்காரு.”

சம்மாட்டி என்னைப் பார்த்தார். மாமி பார்த்தாள். பொத்தானை அழுத்தினேன்.

“நான்தான் வச்சேன். பின்னால சக்கரத்துல ஏழு பல்லு ஒடஞ்சிருக்கு. ஏப்ரல்லயே ஒடஞ்சிட்டு. அப்பாவும் நானும் திருப்பி வைப்போம்.”

நடுவிலிருந்தவர் அதையும் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார்.

இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி ஐந்துக்கு, “பிடிச்சிட்டு! இஞ்சின் பிடிச்சிட்டு! திரும்பிட்டானுவோ!” என்று குரல் வந்தது. அறையே கத்தியது. மாமி எழுந்து என்னிடம் வந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

“ரெண்டு மாசமாத் தெரிஞ்சும் எம்புருசன அதுல அனுப்பிருக்கியேட்டி, பாவி” என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

படகு காலையில் வந்தது. நான் ஜெட்டிக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரினிட்டா கடைசி பெஞ்சுக்கு மாறியிருந்தாள். என் பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டேன், காலியாகத் தெரியாமல் இருக்க.

ஜூன் 29, சனி

மெக்கானிக்கை வைத்துச் சக்கரத்தைக் கழற்றிவிட்டார்களாம். ஏழு இல்லை, பதினொன்று உடைந்திருந்ததாம். ஸ்டார்ட்டரை விடாமல் அடித்ததில் நாலு கூடுதலாகப் போயிருக்கிறது.

சாயங்காலம் சம்மாட்டி வந்தார். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். சம்மாட்டி கிட என்று கையை மட்டும் காட்டினார்.

“குடிச்சிட்டு ஒடச்சேன்னு சொல்லிருந்தா திட்டிருப்பேன் லீனுஸு. திட்டிட்டு மாத்தியும் இருப்பேன். தடையில ரெண்டு மாசம் படகு சும்மாத்தானல கெடந்துச்சு.” கேபின் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது என் பக்கம் திரும்பினார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் சொன்ன முதல் வார்த்தையை நான் இந்த நோட்டில் இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

மூன்று நாளாக அப்பா என்னிடம் பேசவில்லை. இன்று மத்தியானம் உப்பில்லாக் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்தார்.

“அன்னைக்கே ஏன் சொல்லல நீ?”

எனக்குப் புரியவில்லை. நின்றேன்.

“ரோச்சு படகுல வந்தான்ல ஞாயித்துக்கெழம. அவன்ட்ட சொல்லிருக்கலாம்ல. எவனும் போயிருக்க மாட்டான். சம்மாட்டி ஏசிட்டு விட்டுருப்பாரு. ஏன் சொல்லல?”

சொல்லாதே என்றது நீங்கள்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அது பதில் இல்லை என்று தோன்றியது.

“நீங்க அடிச்சிருப்பீங்க” என்றேன்.

சொன்ன பிறகு பின்னால் இரண்டு அடி நகர்ந்தேன். அப்பா நான் நகர்ந்ததைப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். தெருவில் யாரோ சைக்கிள் பெல் அடித்துக்கொண்டு போனார்கள்.

“ஆமா” என்றார். “அடிச்சிருப்பேன்.”

வெகு நேரம் கழித்து, “அம்மாக்குப் போன் போட்டுத் தா” என்றார். இந்த ஒரு வருடத்தில் கேட்டதில்லை. நான் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். அம்மா எடுத்துவிட்டாள். அப்பா பேசவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பக்கம் அம்மா, “பவுலின்? பவுலின், என்னட்டி? பவுலின்?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.